பாளை ஓயும் காலம்

உழைக்கும்போது உடல் தன் வழக்கமான நிலையிலிருந்து விலகுகிறது. இதயத்துடிப்பு கூடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, அட்ரினலினும் கார்ட்டிசாலும் இரத்தத்தில் மிகுகின்றன, தசைகள் இறுகுகின்றன. இந்த மாற்றங்களால் கெடுதல் ஒன்றுமில்லை. இவை இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. வேலை முடிந்தபின் எல்லாம் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். நெதர்லாந்து உளவியலாளர்கள் தியோ மெய்மனும் கைஸ்பர்ட்டஸ் முல்டரும் 1998-ல் வகுத்த உழைப்பு–மீட்சிக் கோட்பாட்டின் சாரம் இதுதான். இறங்கி முடியுமுன்பே அடுத்த வேலை தொடங்கினால், உடல் ஏற்கெனவே சற்று உயர்ந்த நிலையிலிருந்து மறுபடி ஏறுகிறது. நேற்று செய்த அதே வேலைக்கு இன்று கூடுதல் முயற்சி தேவைப்படுகிறது. அந்தக் கூடுதல் முயற்சிக்குக் கூடுதல் மீட்சி வேண்டும். அது கிடைக்காவிட்டால் பாக்கி வளர்கிறது.

பாக்கி எங்கே போய் நிற்கும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு விடை தருகிறது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் கூடுதல். 2016-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,45,000 பேரின் சாவுக்கு நீண்ட வேலைநேரம் காரணமாக இருந்தது.

ஓய்வு எப்படி உண்டாகிறது, எப்போது உண்டாகாமல் போகிறது என்பதைப் பார்க்கத் தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடிக் கரை பொருத்தமான இடம். ஊரைச் சுற்றித் தேரி மணலும் பனங்காடும். சற்றுத் தள்ளி மணப்பாடும் குலசேகரன்பட்டினமும் கடலும். கல்லாமொழியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கொண்ட அனல்மின் திட்டம். பனை, கடல், கொதிகலன் என்ற இந்த மூன்றும் வேலையை நிறுத்தும் நேரத்தை மனிதனுக்கு வெவ்வேறு விதமாக விதிக்கின்றன.

இவற்றுக்கு முன், உடலின் மீட்சி மிகத் தெளிவாகத் தெரிந்த பழைய தொழில் ஒன்றைப் பார்க்கலாம்: முத்துக்குளிப்பு. முத்துச்சிப்பித் திட்டுகளான தூத்துக்குடிப் பார்களில் அது கடைசியாக நடந்தது 1961-ல். அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக, கரையிலிருந்து பல மைல் தள்ளி, சுமார் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிப்பிகளைக் குளியாளிகள் மூச்சடக்கி எடுத்து வந்தார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். ஒரு முழுக்கு ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் நடந்த குளிப்பைப் பற்றி இராபர்ட் பெர்சிவல் 1803-ல் எழுதிய விவரத்தில், படகொன்றுக்குப் பத்துக் குளியாளிகள் என்றும், ஐந்து பேர் கீழே போகும்போது ஐந்து பேர் மேலே இருப்பார்கள் என்றும் காண்கிறோம். ஒரு கல்லுக்கு இருவர், மாறி மாறி. இந்த முறையில் ஓய்வெடுப்பதைக் குளியாளியின் விருப்பத்துக்கு யாரும் விட்டுவைக்கவில்லை. கூட்டாளி கல்லோடு கீழே இருக்கும்வரை இவர் இறங்கவே முடியாது.

அந்த இடைவெளியில் உடலுக்குள் நடப்பது நிறைய. மூச்சடக்கி முகம் நீரில் பட்டதும் நாடித்துடிப்பு தணிகிறது. கைகால்களின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இருக்கும் ஆக்சிஜனை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்குகின்றன. மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களை வெளியே தள்ளுகிறது. மேலே வந்தபின் கார்பன் டை ஆக்சைடு சில மூச்சுகளில் வெளியேறிவிடும். தசைகளில் சேர்ந்த லாக்டிக் அமிலம் கரைய அதைவிட அதிக நேரமாகும். ஆழத்தின் அழுத்தத்தில் திசுக்களில் கரைந்த நைட்ரஜன் வெளியேறவும் நேரம் வேண்டும். மூச்சு சீரானதும் குளியாளிக்குத் தான் தேறிவிட்டதாகவே தோன்றும். உள்ளே கணக்கு இன்னும் தீர்ந்திருக்காது.

பசிபிக்கின் துவாமோட்டுத் தீவுகளில் முத்துச்சிப்பி எடுத்தவர்களை ஆராய்ந்த ஈ. ஆர். கிராஸ் 1965-ல் எழுதிய அறிக்கை இதற்குச் சான்று. அங்கே 30 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு, சில நிமிட இடைவெளியில், மணிக்கணக்காக முழுகினார்கள். அவர்களிடம் தலைசுற்றல், பக்கவாதம், சில வேளை சாவு வரை கொண்டுபோகும் ‘தரவானா’ என்ற நோய் பரவலாக இருந்தது. பக்கத்து மங்கரேவா தீவுக்காரர்களும் அதேபோல ஆழத்தில் முழுகியவர்கள்தாம். ஆனால் ஒரு முழுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 நிமிடத்துக்கு மேல் காத்திருப்பது அவர்கள் வழக்கம். அவர்களிடம் தரவானா இல்லை. ஒவ்வொரு முழுக்கையும் தனியாகப் பார்த்தால் எதிலும் ஆபத்து தெரியாது. போதாத இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் நோயாகின்றன. பெரும்பாலான அலுவலகக் களைப்பின் கதையும் இதுவே.

உடலுக்கு இடைவெளி கிடைத்துவிட்டாலும் மனம் வேலையை விடாவிட்டால் இறக்கம் நின்றுவிடும். இதை முதலில் அளந்து காட்டியவர்களில் தாலியா எட்சியோன் குழுவினர் முக்கியமானவர்கள். இஸ்ரேலில் வேலையிலிருந்து சில வாரங்கள் ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டவர்களை, அழைக்கப்படாத சக ஊழியர்களோடு ஒப்பிட்டு 1998-ல் வெளியிட்டார்கள். போய்வந்தவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் குறைந்திருந்தன. வேலையை மனத்தளவில் முழுக்க மறந்திருந்தவர்களிடம் அந்தப் பலன் கூடுதலாகவே தெரிந்தது. ராணுவச் சேவை சுகவாசம் ஆகாது. அங்கும் விடியுமுன் எழ வேண்டும், உடல் வலிக்க உழைக்க வேண்டும். அப்படியும் தேறினார்கள் என்றால், தேற்றியது சும்மா இருந்தது அன்று, வேலையிலிருந்து மனம் விலகியதுதான் என்று கொள்ள இடமிருக்கிறது.

ஏன் அப்படி? நெதர்லாந்தின் யோஸ் பிரோஸ்கோட்டும் அமெரிக்காவின் வில்லியம் கெரின், ஜூலியன் தாயரும் 2006-ல் தந்த விளக்கம் இது: நடந்து முடிந்த தொல்லையை மனத்தில் அசைபோடும்போதும், வரப்போகும் தொல்லையை எண்ணிக் கவலைப்படும்போதும், அந்தத் தொல்லை கண்முன் நடப்பதுபோலவே உடல் எதிர்வினை காட்டுகிறது. மேலதிகாரியின் சொல் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும். அதை இரவு பதினொரு மணி வரை நினைத்துக்கொண்டிருப்பவரின் இதயமும் சுரப்பிகளும் பதினொரு மணி வரை வேலையில்தான் இருக்கின்றன.

மனத்தைப் பிடித்துவைப்பவற்றில் வலுவானது முடியாத காரியம். பெர்லினில் குர்ட் லெவினின் மாணவி புளூமா சைகார்னிக் 1927-ல், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடிந்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று அறிவித்தார். பிற்காலச் சோதனைகளில் அந்த நினைவு முடிவு உறுதியாக நிற்கவில்லை. அதே கூடத்தில் மரியா ஓவ்சியான்கினா 1928-ல் கண்டது நின்றது: குறுக்கிடப்பட்ட வேலையை யாரும் கேட்காமலேயே திரும்ப எடுக்கும் உந்துதல் மனிதர்களிடம் இருக்கிறது. ஜெர்மனியில் கிறிஸ்டின் சிரெக் குழு ஊழியர்களை 12 வாரம் தொடர்ந்து கேட்டு, வாரக் கடைசியில் பாக்கி நின்ற வேலைகள் விடுமுறை நாள் தூக்கத்தைக் கெடுப்பதாக 2017-ல் காட்டியது. வேலை நெருக்கடி எவ்வளவு என்பதைத் தனியே கழித்துப் பார்த்தபோதும் முடியாத வேலையின் பாதிப்பு மிச்சமிருந்தது.

இனி பனங்காட்டுக்கு வரலாம். உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் தமிழ்நாடெங்கும் தெரியும். அது புவிசார் குறியீடும் பெற்றது. அதன் பின்னுள்ள வேலையில் ‘முடிந்தது’ என்ற சொல்லுக்குப் பருவம் தீரும்வரை இடமில்லை. பாளையைக் கடிப்பு என்ற கருவியால் நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார் பனையேறி. மரம் இலைகளில் உண்டாக்கிய சர்க்கரையைக் கொண்டுவரும் நுண்குழாய்கள் சீவிய முகத்தில் திறந்திருப்பதால் பதநீர் சொட்டுகிறது. காயம்பட்ட எந்த உயிரும் செய்வதைப் போலப் பனையும் அந்த முகத்தை அடைக்கப் பார்க்கிறது. ஆகவே காலையும் மாலையும் ஏறி மெல்லிய ஒரு சீவல் எடுத்தால்தான் குழாய்கள் திறந்தே இருக்கும். ஒருநாள் விட்டால் சுரப்பு குறையும்; சில நாள் விட்டால் அந்தப் பாளை போனதுதான். விடியுமுன் தொடங்கி, நாளொன்றுக்கு முப்பது மரங்களுக்கு மேல் ஏறி இறங்குபவர்கள் உண்டு. காய்ச்சலோ கல்யாணமோ மரத்துக்குத் தெரியாது.

இது ஓவ்சியான்கினாவின் குறுக்கிடப்பட்ட வேலையின் உச்ச வடிவம். பனையேறியைப் பல மாதங்கள் பிடித்துவைப்பது பாளையின் உயிரியல். ஆனால் அந்த உயிரியலே ஒரு முடிவையும் தருகிறது. ஆடி மாதத்தை ஒட்டிப் பாளைகள் ஓய்கின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு ஆசைப்பட்டாலும் சீவ ஒன்றுமில்லை. மாலையில் மரத்தை நினைக்கக் காரணமும் இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் மின்னஞ்சல் வரக்கூடிய அலுவலக ஊழியருக்கு ஆண்டின் எந்த மாதத்திலும் இப்படிப்பட்ட ஆடி வருவதில்லை. இது அவருடைய வேலையின் பெரிய குறை. அவருடைய மனவுறுதியின் குறையாக இதைப் பேசுவது அநியாயம்.

பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் நடக்கும் வேலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். இறக்கிய பதநீர் அன்றே காய்ச்சப்பட வேண்டும். அடுப்பெரித்து, புகையில் நின்று, பாகு பதம் வரும்வரை கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுவது பெரும்பாலும் பெண்கள். அதன்பின் வீட்டில் சோறு, தண்ணீர், பிள்ளைகள். 2024-ஆம் ஆண்டுக்கான இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இதன் உடற்கூற்று விளைவை சுவீடனின் மரியான் ஃபிராங்கன்ஹாய்சர் வால்வோ நிறுவன ஊழியர்களிடம் அளந்து 1989-ல் வெளியிட்டார். பகலில் ஆண் மேலாளர்களும் பெண் மேலாளர்களும் ஒரே மாதிரி அழுத்தத்தில் இருந்தார்கள். மாலையில் ஆண்களின் நாரட்ரினலின் இறங்கத் தொடங்கியது. பெண்களுடையது இறங்கவில்லை, இன்னும் ஏறியது. வீடு திரும்புவது ஒருவருக்கு வேலையின் முடிவு, இன்னொருவருக்கு அடுத்த வேலையின் தொடக்கம். ‘வேலையை மறந்து ஓய்வெடுங்கள்’ என்ற அறிவுரை எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், அடுப்படியை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை பாதிப் பேரைச் சென்று சேராது.

கடலில் நிலைமை வேறு. மீன் எல்லா நாளும் இருக்கும். கடல் தானாக வேலையை நிறுத்தச் சொல்வது புயலின்போது மட்டுமே. ஆகவே நிறுத்தும் நாளை மனிதர்களே வைத்தார்கள். 1530-களில் கத்தோலிக்கம் தழுவிய இந்தக் கரையின் பரதவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் வேரூன்றியது. ஓய்வைப் பற்றிய ஆய்வுகளின் கண்ணோட்டத்தில் இந்த வழக்கத்தின் வலிமை அது எல்லோருக்கும் ஒரே நாளாக இருப்பதில் உள்ளது. பக்கத்துப் படகு போகவில்லை என்பதால், தான் போகாததால் நட்டம் வருமோ என்ற எண்ணம் எழுவதில்லை. தனியாக விடுப்பெடுத்தவரை, அலுவலகம் தானில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு நச்சரிக்கும். ஊரே நின்றால் அந்த நச்சரிப்புக்கு வேலையில்லை.

இரண்டாவது நிறுத்தம் அரசு வைத்தது. மீன்கள் இனம்பெருக்க, தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் தடைக்காலம் உண்டு; 45 நாளாக இருந்தது 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளானது. நாட்டுப் படகுகளுக்கு இது பொருந்தாது. நீண்ட விடுமுறையைப் பற்றிய ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் இரண்டு மாதம் தாராளம்தான். யெசிகா தெ புளூம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் உடல்நலமும் மனநலமும் ஏறி எட்டாம் நாளையொட்டி உச்சம் தொட்டன. வேலைக்குத் திரும்பிய பிறகு அந்தப் பலன் சில வாரங்களுக்குள் கரைந்துவிடுகிறது என்பது அவருடைய முந்தைய ஆய்வுகளின் முடிவு. ஆண்டுக்கொரு நீண்ட ஓய்வு தினசரி ஓய்வுக்கும் வாராந்தர ஓய்வுக்கும் ஈடாகாது என்பதே இதன் பொருள்.

தடைக்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. படகு கரையேறி நிற்கிறது, வலை பழுதுபார்க்கப்படுகிறது, வருமானம் இல்லை. குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் ₹5,000-லிருந்து ₹8,000-ஆக உயர்த்தப்பட்டது. இரண்டு மாதத்துக்கு அது எத்தனை நாள் காணும் என்பதை எவரும் கணக்கிடலாம். பிரோஸ்கோட்டின் விளக்கத்தை இங்கே வைத்துப் பார்த்தால், கை சும்மா இருக்க, கடனை எண்ணும் மனம் உடலை இறங்கவிடாது. வேலையின்மையும் ஓய்வும் வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருக்கலாம். உடல் இரண்டையும் பிரித்தறிகிறது.

மனம் விலகுவதற்கு மிகத் துணிச்சலான வழியை இந்தக் கரையின் திருவிழா ஒன்றில் காணலாம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அதாவது பாளைகள் ஓய்ந்த பிறகு வருகிறது. நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதமிருந்து, காளியாக, குறவனாக, குரங்காக, காவல்காரராக வேடம் கட்டுகிறார்கள்; குழுவாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பெறுகிறார்கள். பக்தியின் பொருளை உளவியல் அளந்துவிட முடியாது. அதன் ஒரு பக்கத்தை மட்டும் சுட்டலாம். ஜெர்மனியின் சபீனே சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-ல் மீட்சி தரும் அனுபவங்களை நான்காகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுதல், உடலும் மனமும் தளர்தல், புதிதாக ஒன்றைத் திறம்படச் செய்தல், தன் நேரம் தன் கையில் இருத்தல். வேடம் கட்டியவரைக் கடைக்காரர் என்றோ ஓட்டுநர் என்றோ அந்த நாட்களில் யாரும் அழைப்பதில்லை. மேளத்துக்கு ஆட, காலில் வலுவும் பழக்கமும் வேண்டும், ஒத்திகை வேண்டும். நான்கில் முதலாவதும் மூன்றாவதும் இதில் நிறைவாகவே இருக்கின்றன. தளர்ச்சி அநேகமாக இல்லை. ஓய்வென்றால் படுத்துக் கிடப்பது என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். வேறொன்றில் முழுமூச்சாக இறங்குவதும் மீட்சிக்கு வழி என்பதைச் சொன்னென்டாக்கின் வகைப்பாடு ஏற்கிறது.

கொதிகலனுக்கு வந்தால், நிறுத்தம் என்பதே கிடையாது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்தோடு இயங்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் இரவும் பகலும் ஆள் மாறி மாறி நிற்க வேண்டும். இங்கே வேலைக்குத் திட்டமான முடிவு இருக்கிறது. அடுத்த ஷிப்ட் வந்ததும் பொறுப்பு கைமாறுகிறது. குளியாளியின் கூட்டாளியைப் போல, இன்னொருவர் ஏற்றுக்கொண்டார் என்ற உறுதி மனத்தை விடுவிக்கிறது. கெடுவது தூக்கம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள உடல் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வெயிலில் வீடு வருபவரின் உடலுக்கு அது விழிக்கும் நேரம். அவர் பகலில் தூங்கும் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடச் சில மணி நேரம் குறைவாகவே இருக்கும். அறையை இருட்டாக்குவது, வீடு திரும்பும் வழியில் வெளிச்சத்தைத் தவிர்ப்பது போன்றவை ஓரளவு உதவும்.

முடிவை இயற்கையும் தராமல், ஊரும் தராமல், ஷிப்டும் தராமல் போன வேலைகளில் என்ன செய்வது? முடிவைச் செய்துகொள்ளலாம் என்று சில சோதனைகள் சொல்கின்றன. உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-ல் காட்டியது: நிறைவேறாத காரியத்தை முடிக்கத் தேவையில்லை, எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அது மனத்தில் குறுக்கிடுவது நின்றுவிடுகிறது. பிராண்டன் ஸ்மிட் 2016-ல் இதை வேலையிடத்துக்குக் கொண்டுவந்தார். நாள் முடிவில், மிச்சமுள்ள வேலையை எங்கே, எப்போது, எப்படிச் செய்வதென எழுதிவைத்தவர்களுக்கு மாலையில் அந்த வேலையின் நினைப்பு குறைந்தது. வேலையில் ஒன்றிப்போகிறவர்களிடம் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018-ல் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து, தூங்குமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னது. ஒரு பாதியினர் செய்து முடித்ததை எழுதினார்கள், மறுபாதியினர் செய்ய வேண்டியதை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. ‘கணக்குப் பார்க்கணும்’ என்று எழுதுவதைவிட ‘காலை பத்து மணிக்கு மார்ச் மாத ரசீதுகளைக் கூட்டணும்’ என்று எழுதுவதே பலன் தரும்.

ஓய்வைக் கற்பிக்கவும் முடியும். வெரேனா ஹான் குழு 2011-ல் ஜெர்மனியில் இரண்டே அமர்வுகள் கொண்ட பயிற்சி ஒன்றைச் சோதித்தது. நான்கு வகை மீட்சி அனுபவங்களையும் தன் நாளில் எப்படிச் சேர்ப்பது என்பதே பாடம். பயிற்சி பெற்றவர்களின் மீட்சியும் தூக்கமும் மேம்பட்டன. ஆனால் சொன்னென்டாக் பின்னர் ‘மீட்சி முரண்’ என்று பெயரிட்ட ஒன்று குறுக்கே நிற்கிறது: வேலை நெருக்கடி கூடக்கூட ஓய்வின் தேவை கூடுகிறது, அதே நெருக்கடி, மனத்தை விலக்கும் திறனைக் குறைக்கிறது. மிகவும் களைத்தவரால்தான் மிகக் குறைவாக ஓய்வெடுக்க முடிகிறது. இங்கே தனிமனிதப் பயிற்சி ஓரளவுக்கு மேல் உதவாது. வெளியிலிருந்து ஒரு நிறுத்தம் வர வேண்டும்.

பிரான்சு 2017 ஜனவரியில் அமலாக்கிய விதிப்படி, குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலைநேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரம் ஒருநாள் விடுமுறையையும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் நடுவே அரைமணி இடைவெளியையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2021-ல் வந்த திருத்தம் கடை ஊழியர்களுக்கு வேலைநேரத்தில் உட்கார இருக்கை தரச் சொல்கிறது. இவை தொழிற்சாலையும் கடையும் வைத்திருக்கும் முதலாளிகளைக் கட்டுப்படுத்துபவை. சொந்தமாகவோ பாட்டத்துக்கோ எடுத்த மரத்தில் ஏறுபவரும், விடிலி அடுப்பின் முன் நிற்பவரும் இந்தச் சட்டங்களுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமானால், அன்று அந்த மரங்களில் ஏறிப் பாளை சீவ இன்னொரு கை பழகிய ஆள் வேண்டும். பனையேற வரும் இளைஞர்கள் குறைந்துவரும் ஊரில் அந்த ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டிருக்கிறது.